பயணமும் வேலைதான், பாப்பா

பாப்பா, போன வாரம் வீட்டுக்கு வந்தபோது இடுப்பில் கை வைத்து, மெல்லச் சாய்ந்து நாற்காலியில் உட்கார்ந்தாய். அறுபதைத் தாண்டிய நான்தான் அப்படி உட்கார வேண்டும். கேட்டதற்கு, “பழகிடும் சித்தப்பா” என்றாய். பழகாது. வலி மரத்துப்போகும், அவ்வளவுதான். உன்னைப்போல அம்பாங்கில் வீடும் கிள்ளானில் வேலையுமாக இருக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நானும் பல வருடம் அந்த வழியில் ஓடியவன். அப்போது அக்லே மேம்பாலச் சாலை கிடையாது. ஜாலான் அம்பாங்கில் ஊர்ந்து, பட்டணத்தைக் கடந்து, ஃபெடரல் ஹைவேயில் ஏறி, பெட்டாலிங் ஜெயா, சுபாங், ஷா ஆலம் என்று போக வேண்டும். பத்து தீகாவில் ஒரு டோல், சுங்கை ராசாவில் இன்னொன்று. சில்லறையைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி வரிசையில் நிற்போம். 2001-இல் அக்லே திறந்தார்கள். 2018 ஜனவரி 1 முதல் அந்த இரண்டு டோலும் போயின. 2022-லும் 2023-லும் சூக்கே மேம்பாலச் சாலையை இரண்டு கட்டமாகத் திறந்தார்கள். உலு கிள்ளானிலிருந்து அம்பாங் வழியாக ஸ்ரீ பெட்டாலிங் வரை 24 கிலோமீட்டர், அங்கிருந்து கெசாஸ் ஹைவேயில் இறங்கினால் கிள்ளான். ஒவ்வொரு முறையும் இனிமேல் கஷ்டம் இல்லை என்று நினைத்தோம். வழி லேசானதும் இன்னும் தள்ளி வீடு வாங்கினவர்கள் எத்தனை பேர், ரயிலை விட்டுக் காடியை எடுத்தவர்கள் எத்தனை பேர்! புதுச் சாலையும் நிறைந்துவிட்டது. அதனால் அடுத்த ஹைவே வந்து காப்பாற்றும் என்று காத்திருக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியது இன்றைக்கு.

என்னுடையது கியர் போடும் புரோட்டோன் சாகா. ஜேமில் கிளட்சை முழுக்க விடவும் முடியாது, முழுக்க மிதிக்கவும் முடியாது. பாதி மிதியில் கால் அந்தரத்தில் நிற்கும். பத்து தீகா வரிசையில் இடது கெண்டைக்கால் தானாகத் துடிக்க ஆரம்பிக்கும். காலுறைக்குள் விரல்கள் மடங்கிக்கொள்ளும். உன்னுடையது ஆட்டோ மைவி, இடது காலுக்கு வேலையில்லை. ஆனால் வலது கணுக்கால் பிரேக்கைப் பிடித்தே நிற்கிறது, அந்தப் பக்கத்து இடுப்பு ஏறிப்போகிறது. நீ கை வைத்ததும் அந்தப் பக்கம்தான்.

முதுகெலும்பின் வட்டுகளுக்கு நேரடி ரத்த ஓட்டம் மிகக் குறைவு. நாம் அசையும்போதுதான் அவற்றுக்கு ஊட்டம் போய்ச் சேர்கிறது. ஒரே இருப்பில் உட்கார்ந்தால் இடுப்பின் வளைவு தட்டையாகிறது, பாரம் வட்டின் ஒரு பக்கமாக விழுகிறது, அதன்மேல் இன்ஜின் அதிர்வு வேறு. மணிக்கணக்கில் தோட்ட வேலை செய்தவருக்கு வராத முதுகுவலி காடியில் சும்மா உட்கார்ந்தவருக்கு வருவது இதனால்தான். சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

இருக்கையை நீ ஒருநாளும் சரிசெய்யவில்லை, கடைக்காரர் கொடுத்தபடியே ஓட்டுகிறாய். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, நான் காட்டுகிறேன். முட்டி இடுப்பைவிட உயரக் கூடாது. தோள் இருக்கையில் ஒட்டியிருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் படவேண்டும். பின்சாய்வு செங்குத்தாக வேண்டாம், கொஞ்சம் சாயட்டும். இடுப்பு வளைவில் ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி வை. பின்பாக்கெட்டில் பர்ஸோ கைப்பேசியோ வேண்டாம். ஒரு பக்கம் உயர்ந்தால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி, தொடை வழியாகக் கால்வரை இழுக்கும். காலையில் நிமிர்ந்து உட்கார்ந்து நடுக்கண்ணாடியைச் சரிசெய், சாயங்காலம் அதைத் தொடாதே. பின்னால் வரும் வண்டி சரியாகத் தெரியவில்லை என்றால் கண்ணாடி நகரவில்லை, நீதான் சரிந்திருக்கிறாய். நிமிர்ந்து உட்கார், தெரியும்.

இன்னொன்று. நீ சொல்லவில்லை, உன் சித்தி சொன்னாள்: வழியில் ஒதுங்க இடமில்லை என்று காலையில் தண்ணீரே குடிக்காமல் கிளம்புகிறாயாம். பெண்பிள்ளைகள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். கூச்சத்தால் யாரும் வாய்திறப்பதில்லை. இந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் வருடக்கணக்கில் ஓடினால் சிறுநீரகக் கல், நீர்க்கடுப்பு, கிருமித் தொற்று எல்லாம் வரலாம். பெட்ரோல் ஸ்டேஷன்களில் எதன் கழிப்பறை சுத்தம் என்று ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம். அங்கே நிறுத்து. இறங்கும்போது இரண்டு நிமிடம் நட, முதுகுக்கும் அது மருந்து. பத்து நிமிடம் தாமதமானால் ஆகட்டும்.

வெயிலில் ஒரு விஷயம் உனக்குச் சாதகம். அம்பாங் கிழக்கே, கிள்ளான் மேற்கே. காலையிலும் மாலையிலும் சூரியன் உன் முதுகுக்குப் பின்னால்தான். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வருகிறவர்களுக்குத்தான் இரண்டு வேளையும் கண்ணுக்கு நேரே வெயில். ஆனாலும் உன் வலது கையையும் இடது கையையும் சேர்த்து வைத்துப் பார், நிறம் மாறியிருக்கும். முன்கண்ணாடி தடுக்கும் கதிரைப் பக்கக் கண்ணாடி அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. கைக்கு உறை போட்டுக்கொள்.

மழைதான் பெரிய பாடு. மத்தியானம் கறுத்து, வேலை விடும் நேரத்தில் கொட்டும். மேம்பாலத்துக்கு அடியில் மோட்டார்காரர்கள் கூட்டமாக ஒதுங்கி நிற்பார்கள். பாவம், அவர்களைக் குற்றம் சொல்லாதே, அவர்களுக்கு வேறு போக்கில்லை. ஆனால் பாதை குறுகி எல்லாம் நின்றுவிடும். அப்படிப்பட்ட நாளில் ஐந்தரைக்குக் கிளம்பாதே. பக்கத்து ஒட்டுக்கடையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு மழை விட்டதும் கிளம்பு. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பது ஃபெடரல் ஹைவேயில் நடுவரிசையில் நிற்பவனுக்கு அப்படியே பொருந்தும். குறுக்கே நுழைந்தவனைத் திட்டுகிற வாய், வீட்டுக் கதவைத் திறந்ததும் பிள்ளைகளையும் திட்டும். எங்கள் வீட்டில் உன் சித்தி ஒரு சட்டம் போட்டாள். வந்ததும் முகம் கழுவி, பின்வாசலில் கொஞ்ச நேரம் தனியாக உட்கார வேண்டும். அதுவரை வீட்டுக் கணக்கோ பள்ளிக்கூடத்துப் புகாரோ யாரும் பேசக் கூடாது. எங்கள் குடும்பம் சத்தமில்லாமல் இருந்ததற்கு அந்தச் சட்டம் ஒரு பெரிய காரணம். நீயும் உன் வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்.

பொறுத்தார் பூமியாள்வார் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். உன் தாத்தா இருட்டோடு எழுந்து, தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றவர். அவர் பொறுத்ததற்கு அளவே இல்லை. ஆனால் லயத்து வீட்டிலிருந்து ரப்பர் மரம் வரை நடந்து போனார், நடந்து வந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபின் நம்மவர்கள் வாடகை கட்டுப்படியான இடத்தில் வீடும், கிடைத்த இடத்தில் வேலையுமாகப் பிரிந்து போனார்கள். அந்த இடைவெளியை இன்று உன் முதுகு சுமக்கிறது. அதைப் பொறுமை என்று பெயர் சொல்லி உன் தலையில் கட்ட எனக்கு மனமில்லை.

சட்டமே பயணத்தை வேலையோடு சேர்த்துத்தான் பார்க்கிறது. 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நடக்கும் விபத்தையும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ வேலை விபத்தாக ஏற்கிறது. வழியை விட்டு விலகிச் சொந்த வேலைக்குப் போயிருந்தால் அது வேலை விபத்து ஆகாது, அதை மறக்காதே. 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றிக் கேட்டு நீ எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கேட்கும் உரிமை உனக்கு உண்டு, அது சின்ன விஷயமில்லை.

ரயிலையும் யோசி. அம்பாங் எல்ஆர்டி 1996-லிருந்தே ஓடுகிறது. பண்டாராயாவில் இறங்கி பேங்க் நெகாரா நிலையத்துக்கு நடந்தால், அங்கிருந்து கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில். ஐம்பது வெள்ளி மாதப் பாஸ் எல்ஆர்டிக்குச் செல்லும், கொமுட்டருக்குத் தனி டிக்கெட். ஒரு ரயிலை விட்டால் காத்திருக்க வேண்டும், காடியைவிடச் சீக்கிரம் போகும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் எழுந்து நிற்கலாம், நடக்கலாம், கண்ணை மூடலாம். வாரம் இரண்டு நாள் போய்ப் பார்.

மற்ற மூன்று நாளுக்காக உன் முதலாளிக்குக் கடிதம் எழுது. காலை ஏழுக்கு வந்து நாலுக்குப் போகிறேன் என்று கேள், அல்லது ஒருநாள் வீட்டிலிருந்து வேலை கேள். முதுகுவலியைக் காரணமாக எழுதக் கூச்சப்படாதே, டாக்டரின் கடிதம் இருந்தால் சேர்த்துக் கொடு. தேதி போடு, நகல் ஒன்றை வைத்துக்கொள். மலாயில் எழுதுவதற்குத் தடுமாற்றமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை எடுத்து வா. பசியாறிவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதுவோம், அதற்கு முன்னால் உன் இருக்கையையும் சரிசெய்துவிடலாம்.