முதல்ல உட்காரக் கத்துக்கணும்

தாம்பரம் பக்கம் குதிரையேற்றம் கத்துக்க நினைக்கிறவங்க, அமெரிக்க ‘சேடில் சீட்’ சவாரி வீடியோக்களைப் பார்த்துட்டு அதையே முதல் பாடமாக் கேட்க வேண்டாம். அந்தச் சவாரியோட அழகுல குறையே இல்லை. குதிரை கழுத்தை நிமிர்த்தி, முன்னங்காலை உயரத் தூக்கி வைக்கும். அதோட தோள் தடையில்லாம அசையணும்னுதான் ஏறினவர் தட்டையான சேணத்துல சற்றுப் பின்தள்ளி உட்காருறார். பந்தய ஜாக்கியோ அங்கவடியை ஏத்திக் கட்டி, சேணத்தைத் தொடாமலே போறார். குதிரைக்கு என்ன வேலையோ அதுக்கேத்த இருக்கை. ஆனா சேடில் சீட்ல பெரும்பாலும் கையில நாலு வார், குதிரை வாயில ரெண்டு இரும்பு. அதுல ஒண்ணு நெம்புகோல். விரல் லேசா இழுத்தாலே அழுத்தம் பெருகித் தாடையில இறங்கும். சமநிலை வராதவர் தடுமாறினா பிடிக்கிறது வாரைத்தான். வலி குதிரைக்கு.

அந்தச் சமநிலைக்காகத்தான் வியன்னாவின் ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூல்ல புது மாணவர், ஆசிரியர் நீளக் கயித்துல வட்டமா ஓட்டுற குதிரை மேல, வாரும் அங்கவடியும் இல்லாம மாசக்கணக்கா உட்காருறார். காசு கட்டிட்டு வட்டம் சுத்தவான்னு கேட்கலாம், சலிப்பு நியாயம்தான். விழுந்துடுவோம்ங்கிற பயமும் நியாயம். ஆனா குதிரை ஆசிரியர் பிடியில இருக்கிற அந்த வட்டத்துலதான் இடுப்பு பயமில்லாம அசைவைப் பழகும். 2023ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம்ம டிரஸ்ஸாஜ் (குதிரையை நுட்பமா நடத்திக் காட்டுற போட்டி) அணி தங்கம் வாங்கினதும் இப்படிப்பட்ட இருக்கையை நம்பின கலையிலதான்.

எந்தப் பள்ளியில சேர்ந்தாலும், கயித்துப் பாடம் உண்டான்னு முதல்ல கேளுங்க.