இறங்காத அப்பம்



கடந்த ஆண்டில் நான் ஒருவரைத் தவறாக நியாயந்தீர்த்தேன். அந்தச் சகோதரியின் அனுமதியோடுதான் அதை இங்கே எழுதுகிறேன். பல ஆண்டுகளாக நம்முடைய சபையில் முன்வரிசையில் அமர்பவர்கள் அவர்கள். திடீரென்று, திருவிருந்து ஞாயிறுகளில் மட்டும் பாதியிலேயே எழுந்து போகத் தொடங்கினார்கள். யாரோடோ மனஸ்தாபம், ஒப்புரவாகாமல் பந்திக்கு வரக் கூசுகிறார்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன். போதகனுக்கு இப்படிப்பட்ட ஊகங்கள் எளிதாக வந்துவிடுகின்றன. மூன்றாம் மாதம் ஒப்புரவாகுதலைப்பற்றிப் பிரசங்கமே செய்தேன். அவர்களை மனதில் வைத்துத்தான் செய்தேன்.

பிறகு வீட்டுக்குப் போனபோது, “ஐயா, அப்பம் இறங்குகிறதில்லை. சபையார் முன்பாகத் திரும்பி வந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?” என்று சொல்லி, அலமாரியிலிருந்து ஒரு எக்ஸ்ரே படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்கள்.

பேரியம் கரைசலைக் குடிக்கச் செய்து எடுத்த படம் அது. வெள்ளையாய் அகன்ற ஒரு குழாய், கீழே வரவர மெலிந்து, பறவையின் அலகைப்போல் கூர்மையாய் முடிந்தது. நோயின் பெயர் அகலேசியா. தளராமை என்று பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். ஆண்டுதோறும் லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இது புதிதாகக் கண்டறியப்படுகிறது.

விழுங்குவதைப்பற்றி நாம் நினைப்பதேயில்லை. ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய், அலையலையாய்ச் சுருங்கி ஒவ்வொரு கவளத்தையும் கீழே தள்ளுகிறது. கவளம் வந்து சேருமுன்னே இரைப்பையின் வாசலிலுள்ள சுருக்குத்தசை தளர்ந்து வழிவிடுகிறது. தசையடுக்குகளுக்கு நடுவே பின்னிக் கிடக்கும் நரம்பணுக்களே இவ்விரண்டையும் ஒழுங்குபடுத்துகின்றன. அகலேசியாவில் அவை, விசேஷமாகத் தசையைத் தளரச் சொல்லும் அணுக்கள், அழிந்துபோகின்றன. வாசல் இறுகியே நிற்கிறது. அலையும் ஒழுங்காய் எழும்புகிறதில்லை. உண்டது தேங்கத் தேங்கக் குழாய் விரிகிறது. தேங்கியது அழுகி உட்சுவரைப் புண்ணாக்குகிறது. இரவில் படுத்தால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கி இருமலை எழுப்புகிறது. பல ஆண்டுகள் சென்றால், சிலருக்குக் குழாய் நீண்டு வளைந்து ஆங்கில எஸ் எழுத்தைப்போல் மடிந்துவிடுகிறது. அப்போது வாசலைத் திறந்தாலும் உணவு அடிவளைவில் தங்கிவிடக்கூடும். நம் சகோதரிக்கோ நெஞ்செரிச்சல் என்றும் மனக்கவலை என்றும் சொல்லி நான்கு ஆண்டுகள் மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

1674ஆம் ஆண்டில் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், திமிங்கில எலும்பின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டி, அதனால் ஒரு நோயாளியின் உணவைக் கீழே தள்ளச் செய்ததை எழுதிவைத்திருக்கிறார். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் அந்த மனிதன் அதை விழுங்கியிருப்பான்! 1913இல் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஹெல்லர் இறுகிய தசையைக் கீறிவிடும் அறுவையைச் செய்தார். இன்று வாய்வழியே கருவியைச் செலுத்தியும் அதைச் செய்கிறார்கள்.

சகோதரிக்கும் அறுவை நடந்தது. ஆனாலும் அழிந்த நரம்பணுக்கள் திரும்பி வருகிறதில்லை. வாசல் திறந்தது, அலை எழும்பவில்லை. உணவு தன் பாரத்தாலேயே இறங்கவேண்டும். ஆகையால் நிமிர்ந்து அமர்ந்து, நன்றாய் மென்று, தண்ணீர் குடித்து, காத்திருக்கிறார்கள்.

இன்னும் ஊக்கமாய் ஜெபித்தால் தசை தளரும் என்று சிலர் அவர்களிடம் சொன்னதாக அறிந்தேன். ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறேன். ஆனால் தீமோத்தேயு அடிக்கடி பலவீனப்பட்டபோது, பவுல் அவனுடைய விசுவாசத்தைக் குறைசொல்லவில்லை. வயிற்றுக்கு எது உதவும் என்றுதான் எழுதினார். அன்பின் விருந்தில் அவர்கள் இலையில் மிச்சம் வைத்தால், இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்று தயவுசெய்து வற்புறுத்தாதிருங்கள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் சிரித்துவிட்டு, பிரசங்கம் நன்றாய்த்தான் இருந்தது என்றார்கள்.

சென்ற மாதத் திருவிருந்தில் கடைசியாக வந்தார்கள். முழங்காலிடவில்லை, நிமிர்ந்தே நின்றார்கள். அப்பத்தின் சிறு துணுக்கைத் திராட்சரசத்தில் நனைத்துக் கொடுத்தேன். பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்திருந்தோம். பாடகர் குழுவினர் கடைசிச் சரணத்தை மறுபடியும் பாடினார்கள். அவர்கள் கண்ணைத் திறந்து தலையசைக்கும்வரை நான் ஆசீர்வாதம் கூறாமல் நின்றேன்.