கல்லின் கீழ் உள்ள மண்

பாரிஸ் மாநகரிலே, மொன்பர்னாஸ் புகையிரத நிலையத்துக்கு அண்மையில், கத்தலோன் சதுக்கம் என்றோர் இடம் உண்டு. நடுவே கல்லாலான நீரூற்றும் அதனைச் சுற்றி வாகனங்கள் ஓடும் வட்டவீதியுமாக அது நெடுங்காலம் இருந்தது. 2024 யூன் மாதத்தில் அவ்விடம் ஏறத்தாழ 470 மரங்கள் கொண்ட சிறு வனமாகத் திறந்துவைக்கப்பட்டது. இச்செய்தியை வகுப்பிலே கூறியபோது, “குளிர்தேசத்தவருக்கு நிழல் எதற்கு, சேர்?” என்று மாணவன் ஒருவன் வினவினான். நியாயமான வினாவே. ஆயினும் 2003 ஆம் ஆண்டின் வெப்ப அலையில் பிரான்சிலே ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். 2019 யூலையில் பாரிசின் வெப்பம் 42.6 பாகை செல்சியசைத் தொட்டது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கல், இரவிலே அதனைத் திருப்பி உமிழும். மரமோ தன் இலைவழியே நீரை ஆவியாக்கிச் சூழலைக் குளிர்விக்கும்.

இனி நம் வன்னிக்கு வருவோம். வவுனியாவிலிருந்து கண்டி வீதிவழியே வடக்கு நோக்கி வருவோர் புளியங்குளத்தையும் மாங்குளத்தையும் கடந்தே கிளிநொச்சியை அடைவர். மரத்தையும் நீரையும் ஒருசேர ஊர்ப்பெயராக வைத்தவர் நம் முன்னோர். 2009 இன் பின் மீண்டெழுந்த பட்டினங்களிலோ கட்டடந்தோறும் முற்றத்திலே சீமெந்துக் கல் பதிக்கப்படுகின்றது. இதனைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. தறப்பாளின் கீழே புழுதியிலும் சேற்றிலும் கிடந்து வந்தவர்களுக்கு, கால் அழுந்தாத தரை என்பது வாழ்வு திரும்பியமைக்கு ஓர் அடையாளமாகவே தோன்றியது.

ஆனால் சித்திரை நடுப்பகலில் அம்முற்றங்களைப் பாருங்கள். தூரத்துக் கிராமங்களிலிருந்து அலுவலாக வந்த முதியோர், சுவரோரத்து நிழல் நகர நகரத் தாமும் நகர்ந்து நிற்கின்றனர். எஞ்சிய ஒரே வேம்பின் கழுத்துவரை சீமெந்து. அதன் வேருக்கு மழைநீர் எவ்வழியாற் செல்லும்? வாகனம் நிறுத்த இடம் வேண்டுமென்று மரம் தறிப்போர் உளர். அவர்களே தம் மோட்டார் சைக்கிளை நிறுத்த அடுத்த மரத்தின் நிழலைத் தேடுவதையும் காண்கின்றோம்!

மழையின் கதையும் உண்டு. வன்னியின் மழை பெரும்பாலும் மாரிகாலத்துச் சில மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடியது. அத்தகைய பெருவெள்ளத்தை முற்றத்துக் கல்லின் தலையிலே சுமத்துதல் தகாது. எனினும், மண் மூடப்பட்ட ஒவ்வொரு முற்றமும் கிணற்றுக்குப் போகவேண்டிய நீரை வீதிக்கு அனுப்புகின்றது என்பதில் ஐயமில்லை.

அப்படியானால் பூங்கா அமைப்போமா? புற்றரையும், வேலியும், ‘உள்ளே செல்லாதீர்’ என்ற பலகையும் கொண்ட பூங்காவை நாம் வேண்டவில்லை. ஆவணி வறட்சியில் குடிநீருக்கே இடர்ப்படும் நிலத்தில் புல்லுக்கு நீர் வார்ப்பது எங்ஙனம்? முற்றத்திலே இடையிடையே கல்லைப் பெயர்த்து, தாழ்ந்து நீர் தேங்கும் இடத்தில் மருதும், மேட்டிலே வேம்பும் புங்கையும் நட்டு, அடியிலே இரண்டு வாங்குகள் போட்டாற் போதும்.

2013 இல் தெரிவான வடமாகாண சபை, கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தது. பருவமறிந்து செய்த காரியம் அது. மாரிமழையில் கன்று வேரூன்றும். ஆனால் கன்று நடும் நாளிலே கூடும் கூட்டம், சோளகம் வீசும் ஆடியிலே காணப்படுவதில்லை. படம் பிடிப்பவரும் வருவதில்லை. முதல் மூன்று கோடைகளுக்கு வாளி தூக்குபவர் எவரோ அவரே மரம் வைத்தவர் என்பது எமது கட்சி. ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகள் கன்றொன்றைப் பொறுப்பேற்று, உயர்தரப் பரீட்சை எழுதும்வரை பார்த்துக்கொண்டால் அக்காலம் கடந்துவிடும். அதன் பின்னர் வாங்கிலே முதலில் வந்து இருக்கப்போகின்றவர், கச்சான் கடகத்தோடு வெயிலில் நிற்கும் ஆச்சியாகத்தான் இருப்பார்.