கரகரப்புக்கு ஒன்பதாயிரம் ரூபாய்

எங்கப்பா முப்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் பண்ணினவர். மாயவரத்துல எட்டுக்குப் பத்துல ஒரு கடை. கடைக்கு வர்றவங்க சொல்ற கம்ப்ளெயிண்ட் பெரும்பாலும் ஒண்ணுதான், "கரகரங்குது சார்". அந்தக் கரகரப்பைப் போக்கிப் போக்கித்தான் என்னை இன்ஜினியரிங் படிக்க வச்சார். நான் இப்ப சென்னையில பொட்டி தட்டிச் சம்பாதிக்கிற காசுல, சுத்தமா சத்தம் வர்ற கிடாருக்குள்ள கரகரப்பை வரவைக்க டப்பா வாங்கிட்டு இருக்கேன். ஒரு டப்பா ஒன்பதாயிரம் ரூபாய். இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம தொள்ளாயிரம்னு சொல்லி வச்சிருந்தேன். ஒரு சைபர்தானே, ஹிஹி.

எலக்ட்ரிக் ப்ளூஸ் பக்கம் வராதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. இந்த இசைக்குக் கரகரப்பு குறை இல்லை, அதுதான் குரல். ஐம்பதுகள்ல சின்ன வால்வு ஆம்ப்ளிபயரை முழுசாத் திருகி வச்சு வாசிச்சாங்க. வால்வு தாங்கமுடியாத அளவுக்கு சிக்னல் வந்தா அலையோட உச்சி நசுங்கும், சத்தம் தடிக்கும். மெதுவா மீட்டினா தெளிவா இருக்கும், ஓங்கி இழுத்தா உறுமும். விரல் சொல்றதை ஆம்ப் கேக்கும். அந்த உறுமலுக்காகத்தான் இத்தனை பாடும்.

பிரச்சனை என்னன்னா, நான் இருக்கறது வேளச்சேரியில ஒரு வாடகை பிளாட். என் 15 வாட் வால்வு ஆம்பை உறுமுற அளவுக்குத் திருகினா மேல் வீட்டு மாமி இறங்கி வந்துடுவாங்க (வந்தாங்க). மாமிக்குக் கேக்காத அளவுல வச்சா ஆம்ப் ரொம்ப நல்ல பிள்ளையா, பள்ளிக்கூட மணி மாதிரி சுத்தமா ஒலிக்கும். ஆக, ஆம்ப் செய்யவேண்டிய அக்கிரமத்தை அதுக்கு முன்னாடியே ஒரு டப்பாவுக்குள்ள வச்சுச் செய்யணும். அதுக்குத்தான் ஓவர்டிரைவ், ஃபஸ் எல்லாம்.

எல்லாரையும் போல நானும் முதல்ல வாங்கினது ட்யூப் ஸ்க்ரீமர். ஐபனேஸோட பச்சை டப்பா. ஸ்டீவி ரே வான் வச்சிருந்தார், நானும் வாங்கினேன், அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. செகண்ட் ஹேண்ட்ல ஒன்பதாயிரம். வீட்டுக்கு வந்து மாட்டினா ஜலதோஷம் பிடிச்சவன் பாடுற மாதிரி இருக்கு. அடி சத்தத்தையே காணோம், நடுவுல மட்டும் மூக்கால ஒரு குரல். ஏமாந்துட்டோமோன்னு ரெண்டு நாள் தூக்கம் வரலை.

பெடல் மேல தப்பே இல்லை. அதை நான் மாட்டின இடம்தான் தப்பு. அந்த சர்க்யூட் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிற சத்தத்தைப் பெருசு பண்ணாது, அதுக்கு மேலதான் ஏத்தும். ஏற்கனவே சத்தமா, உறுமுற நிலையில இருக்கிற ஃபெண்டர் ஆம்புக்கு முன்னாடி மாட்டினா இது வரம். பேஸ் கொழகொழன்னு ஆகாது, சோலோ டிரம்ஸைத் தாண்டிக் கேக்கும். வான் செஞ்சதும் அதுதான். டிரைவைக் குறைச்சு, லெவலை ஏத்தி, பெரிய ஆம்பைப் பின்னாலேருந்து நெட்டித் தள்ளினார். மாமிக்குப் பயந்து வால்யூமை ரெண்டுல வச்சிருக்கிற எனக்கு அது தள்ள என்ன இருக்கு?

அப்புறம் பாஸ் கம்பெனியோட ப்ளூஸ் டிரைவர். 1995ல வந்த நீல டப்பா. இது அடி சத்தத்தை அவ்வளவா வெட்டாது, சுத்தமான ஆம்ப்லயும் முழுசாக் கேக்கும். டிரைவைப் பத்து மணிக்கு வச்சா விரல் சொன்னபடி கேக்கும். ரொம்ப ஏத்தினா தேனீக்கூட்டம், அது வேண்டாம். பிளாட்ல இருக்கிறவங்க முதல் பெடலா எதை வாங்கறதுன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்வேன். பச்சை டப்பா ஆசை இருந்தா ரெண்டாவதா வாங்கி, நீலத்துக்கு முன்னாடி வச்சுத் தள்ளுங்க. பிரமாதமா இருக்கு.

இதோட நிறுத்தியிருக்கணும். நிறுத்தலை. ஃபஸ் ஆசை வந்துடுச்சு.

ஓவர்டிரைவ் அலையோட மூலையை உருட்டும்னா, ஃபஸ் தலையையே சீவிடும். ஹெண்ட்ரிக்ஸ் வாசிச்ச ஃபஸ் ஃபேஸ் 1966ல லண்டன்ல அர்பிட்டர் கம்பெனி கொண்டு வந்தது. வட்டமா, மைக் ஸ்டாண்டோட அடிப்பாகம் மாதிரி இருக்கும். உள்ள ரெண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூணு கெபாசிட்டர். அவ்வளவுதான் உலகமே. கிடார்ல வால்யூம் பத்துல இருந்தா கிழிஞ்ச பட்டுப்புடவை மாதிரி ஒரு சத்தம். அதே பெடல் ஓடிட்டு இருக்கும்போது கிடார் வால்யூமை ஆறுக்கு இறக்கினா கண்ணாடி மாதிரி தெளிஞ்சிடும். ப்ளூஸ்காரனுக்கு இதைவிட என்ன வேணும்? சிலிக்கான் டிரான்சிஸ்டர் போட்ட நகல் ஒண்ணு வாங்கினேன். வீட்டில நேரா மாட்டி வாசிச்சேன். சொர்க்கம்.

ரெண்டு வாரத்துல கம்பெனி ஆண்டு விழா. மேடையில கிடாருக்கு அடுத்து முதல்ல ட்யூனர் பெடல், அப்புறம் ஃபஸ். முதல் நோட்டு அடிச்சதும் தகரத்தை ரம்பத்தால அறுக்கிற சத்தம். வால்யூமை இறக்கறேன், தெளியவே மாட்டேங்குது, ரம்பம் தூரத்துல கேக்குது, அவ்வளவுதான். முன் வரிசையில ஹெச்.ஆர். மேடம் காதைப் பொத்திக்கிட்டாங்க. பெடலை அணைச்சுட்டு மிச்சப் பாட்டைச் சுத்தமா வாசிச்சு முடிச்சேன். யாரோ கைதட்டினாங்க, பாவம்.

காரணம் பிற்பாடுதான் புரிஞ்சது. ஃபஸ் ஃபேஸோட இன்புட் இம்பீடன்ஸ் ரொம்பக் கம்மி. கிடாரோட பிக்கப் காயிலும், வால்யூம் பொட்டும் அந்த சர்க்யூட்டுக்குள்ள ஒரு பாகமாவே சேர்ந்துக்கும். நடுவுல பஃபர் இருக்கிற பெடல் எது வந்தாலும் அந்த உறவு அறுந்துடும். என் ட்யூனர்ல பஃபர் இருந்தது. நான் ஈ.சி.ஈ. படிச்சவன்னு வெளியில சொல்லிக்கறதில்லை.

நிற்க. இந்தக் கதைக்குள்ள அப்பா வந்தது போன ஜனவரியில. கண் புரை ஆபரேஷனுக்காகச் சென்னை வந்தார், அம்மாவும் கூட. கடையை மூடி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. ரேடியோ வர்றது நின்னது ஒரு காரணம், எழுத்து தெரியாம ரெசிஸ்டர் மாத்திப் போட்டு ஒரு செட்டைப் புகைய விட்டது இன்னொரு காரணம். ரெண்டாவதை அவர் சொன்னதே இல்லை, அம்மா சொல்லித்தான் தெரியும். அதுக்கப்புறம் பத்த வைக்கிற இரும்பை அவர் தொடவே இல்லை. எனக்கும் அவருக்கும் போன்ல பேச்சு "சாப்டியா", "ம்", "மழை உண்டா" இதைத் தாண்டினதில்லை.

ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம் இருக்கும். நான் ஆபீஸ்லேருந்து வர்றேன், ஹால்ல பச்சை டப்பா நாலு ஸ்குரூவும் கழட்டி மல்லாந்து கிடக்கு. பகீர்னு ஆச்சு.

"என்னடா இது, 4558 போட்டிருக்கான்? நம்ம பேஸ் டிரபிள் போர்டுல வர்ற ஐ.சி.டா இது. இருபது ரூபா. மொத்தமா சாமான் நூறு ரூபா தேறாது. இதையா தொள்ளாயிரம் குடுத்து வாங்கின?"

என்னால முழுங்க முடியலை. "ஒன்பதாயிரம்பா."

கத்துவார்னு நெனச்சேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் டையோடை ஃபீட்பேக்ல போட்டிருக்கான்?"னு கேட்டார். நான் விளக்க ஆரம்பிச்சேன், பாதியில அவரே முடிச்சார். "ஓஹோ, வேணும்னே நசுக்கறான்." அப்புறம்தான் கவனிச்சேன், கண்ணாடி போடாம ஐ.சி. மேல இருக்கிற எழுத்தைப் படிச்சிருக்கார்.

அன்னைக்கு ராத்திரி அவருக்கு மெம்பிஸ் கதையைச் சொன்னேன். 1951ல 'ராக்கெட் 88' பாட்டு பதிவு பண்ண வந்த வழியில கிடார் ஆம்ப் அடிபட்டுப் போச்சு, பதிவு பண்ண சாம் பிலிப்ஸ் ஸ்பீக்கர் கோனுக்குள்ள காகிதத்தை அடைச்சு அப்படியே வாசிக்க விட்டார், அந்தக் கிழிஞ்ச சத்தம்தான் பேர் வாங்கிச்சுன்னு. நாஷ்வில்ல கோளாறான மிக்ஸர்லேருந்து ஒரு கரகரப்பு தற்செயலா வந்து, 1961ல மார்ட்டி ராபின்ஸ் பாட்டுல அப்படியே வெளியாகி, அடுத்த வருஷமே அதை மேஸ்ட்ரோ கம்பெனி டப்பாவுல போட்டு வித்ததையும் சொன்னேன். அப்பாவுக்கு ரெண்டாவது கதையில ஆர்வமில்லை. "காகிதம் நானும் அடைச்சிருக்கேன்டா. தினத்தந்தி. எனக்கு யாரு பேர் குடுத்தா?"ன்னார்.

அப்புறம் ஃபஸ் சர்க்யூட்டைக் காட்டினேன். ஒரிஜினல்ல ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், இப்பக் கிடைக்கிறது கஷ்டம், கிடைச்சாலும் விலைன்னு சொன்னேன். "ஏசி128 ஆகுமா?"ன்னு கேட்டார். அதேதான்பா, அதுல நிறைய பேர் பண்றாங்கன்னேன். அடுத்த வாரம் அம்மா ஊருக்குப் போயிட்டு வரும்போது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வந்தது. பழைய மர்பி, பிலிப்ஸ் செட்டுலேருந்து கழட்டினது, இருபத்தி மூணு டிரான்சிஸ்டர்.

என் மல்டிமீட்டர்ல ஒண்ணைச் சொருகினேன், கெயின் 190 காட்டிச்சு. அட, சூப்பர்னேன். அப்பா அதை ரெண்டு விரலால பிடிச்சார். நம்பர் ஏறிக்கிட்டே போகுது. "இது கெயின் இல்லடா, லீக்கேஜ். விரல் சூட்டுக்கே இப்படி ஓடுதுன்னா எதுக்கு ஆகும்?" லீக்கேஜைத் தனியா அளந்து கழிச்சார். இருபத்தி மூணுல தேறினது ஆறு. முதல் இடத்துக்கு எழுபத்தஞ்சு, ரெண்டாவது இடத்துக்கு நூத்திப் பதினஞ்சு கெயின் உள்ளதுன்னு ஒரு ஜோடி எடுத்தோம். மிச்ச சாமான் ரிச்சி தெருவுல. பெட்டிக்குப் பழைய எவர்சில்வர் டிபன் டப்பா.

சால்டரிங்கை அவர் பண்ணினார். கை முதல்ல லேசா நடுங்கிச்சு, ரெண்டு பத்துக்கு அப்புறம் நின்னுடுச்சு. மத்த பெடலோட அடாப்டர்லேயே இதையும் சொருகப் போனேன், கையில தட்டினார். "பிஎன்பிடா! இதுல ப்ளஸ்தான் எர்த்து. ஷார்ட்டாயிடும். பேட்டரி போடு." ரெண்டாவது டிரான்சிஸ்டரோட கலெக்டர்ல நாலரை வோல்ட் வர்ற வரைக்கும் ட்ரிம்மரைத் திருகினார்.

வாசிச்சேன். சிலிக்கான் மாதிரி அறுக்கலை, தடிமனா, ஓரமெல்லாம் தேய்ஞ்ச மாதிரி ஒரு சத்தம். வால்யூமை இறக்கினா தெளிஞ்சது. அப்பா கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "இப்படி ஒரு செட்டு கடைக்கு வந்தா ஸ்பீக்கர் போச்சுன்னு சொல்லியிருப்பேன்"னார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

ரெண்டு பேரும் ஊருக்குப் போயிட்டாங்க. மார்ச் வரைக்கும் டிபன் டப்பா தங்கம். ஏப்ரல் கடைசியில ஒரு மத்தியானம் வாசிச்சா நோட்டு பாதியிலேயே தொண்டை அடைச்சுச் செத்துப் போகுது. மீட்டரை வச்சுப் பார்த்தா நாலரை நாலரையா இல்லை. ஜெர்மேனியத்துக்கு வெயில் ஆகாது, சூடு ஏறினா லீக்கேஜ் ஏறும்னு படிச்சிருந்தேன், ஆனா அது சென்னை வெயிலைப் பத்தி யோசிச்சு எழுதினதில்லை. ஏ.சி. போட்டு அரைமணி நேரம் கழிச்சு வாசிச்சா சரியா இருக்கு. வாசிக்கிறதுக்கு முன்னாடி பெடலைக் குளிப்பாட்டற நிலைமை.

அப்பாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். "ம்"னார். "மழை உண்டா"ன்னு கேட்கலை.

நாலு நாள்ல ஒரு கூரியர். தினத்தந்தியில சுத்தி ரெண்டு ஏசி128. கூட ஒரு துண்டுச் சீட்டு, பால் பாயிண்ட்ல, பழைய கடை பில் எழுத்து: "லீக்கேஜ் கம்மி. மே, ஜூனுக்கு. ஐப்பசியில பழசை மாத்திப் போடவும்."