வீட்டோட இருக்கிற புள்ள

என் அண்ணன் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மயிலாடும்பாறைக்குத் திரும்பி, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இருந்தான். அப்பத்தா கோடாங்கியை வரவழைத்தாள். அப்பா தேனியில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகப் பார்த்தார். மூன்று வேளையும் சாப்பாட்டுத் தட்டைக் கதவடியில் வைப்பதும், எச்சில் தட்டை எடுப்பதும் என் வேலை.

ஒருநாள் உள்ளே சிரிப்புச் சத்தம். கதவைத் தட்டினேன். என்ன நினைத்தானோ, திறந்தான். மடிக்கணினியில் ஜப்பானிய அனிமே ஓடிக்கொண்டிருந்தது. ‘வெல்கம் டு தி என்.எச்.கே.’ தட்சுஹிகோ தகிமோட்டோ 2002இல் எழுதிய நாவலை வைத்து 2006இல் வந்த தொடர், 24 பகுதிகள். அதையெல்லாம் நானும் அவனோடு உட்கார்ந்து பார்த்தேன்.

நாயகன் சத்தோவுக்கு 22 வயது. கல்லூரியை விட்டவன், அறையை விட்டு வெளியே வருவதில்லை. ஜப்பானில் இப்படி இருப்பவர்களை ‘ஹிகிகொமோரி’ என்கிறார்கள். நம் தூர்தர்ஷன் போன்ற என்.எச்.கே. ஒளிபரப்பு நிறுவனம் உண்மையில் ஹிகிகொமோரிகளை உருவாக்கும் சதிக் கூட்டம் என்று அவன் நம்புகிறான். குளிர்சாதனப் பெட்டி அவனோடு பேசும். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் மிசாகியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிசாகி அவனைக் காப்பாற்ற வருகிற பெண். ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துக் கேட்கிறாள். இரவானால் பூங்காவில் உட்காரவைத்து, குறிப்பேட்டைப் பார்த்துப் பாடம் நடத்துகிறாள். அவளும் பள்ளியை விட்டவள்தான். உறவினர் வீட்டில் அண்டி வாழ்கிறவள், தோழி என்று ஒருத்திகூட இல்லை. தன்னைவிடக் கீழே ஒருவன் இருந்தால் தேவலை என்றுதான் அவனைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அது பின்னால்தான் தெரிகிறது. ஆனாலும் அவளை யாரும் ஹிகிகொமோரி என்பதில்லை.

கதையில் மட்டுமல்ல. 15 முதல் 39 வயது வரையானவர்களை எண்ணி ஜப்பான் அரசு 2016இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், இல்லத்தரசிகளையும் வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக இருப்பதாகச் சொன்னவர்களையும் சேர்க்கவில்லை. வெளியே வராமல் முடங்கிய பெண், அடுப்படியில் நின்றால் போதும், கணக்கிலிருந்து மறைந்துவிடுவாள். அந்த வரையறை தளர்ந்த பிறகு, 2023இல் வெளியான கணக்கில் 40 முதல் 64 வயதுக்காரர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

இதைப் படித்தபோது என் பதினெட்டாம் வயது ஞாபகம் வந்தது. வயதுக்கு வந்ததும் மூல வைகையில் குளிக்கப் போவது நின்றிருந்தது. பிளஸ் டூ முடிந்ததும் பள்ளிக்கூடமும் நின்றது. ஓராண்டு முழுக்க வாசற்படி தாண்டியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். இலவங்காய் உடைத்துப் பஞ்செடுத்துக்கொண்டு திண்ணைக்கு உள்பக்கமாகவே இருந்தேன். யாரோடும் பேசப் பிடிக்காது. இரவில் காரணமில்லாமல் அழுகை வரும். வந்துபோகிறவர்கள் அம்மாவிடம் சொல்வார்கள்: “தங்கமான புள்ளத்தா. வீட்டோட இருக்கு.” எனக்குக் கோடாங்கி வரவில்லை.

தொடரின் கடைசியில் பெற்றோர் அனுப்பும் பணம் நின்றுபோகிறது. பசி தாங்காமல் சத்தோ வெளியே வந்து வேலைக்குப் போகிறான். மிசாகியின் பாடங்களால் ஆகாதது அது. அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

“அதுக்காக எம்புள்ளயப் பட்டினி போடச் சொல்றியா?”

அப்படிச் சொல்ல எனக்கும் மனமில்லை. ஆனால் ஒன்று செய்தேன். அண்ணனின் கதவடியில் நின்று சொன்னேன்:

“அண்ணே, திங்கக்கிழமையில இருந்து தேனிக்குப் படிக்கப் போறேன். காலை பஸ்ஸுக்குக் கெளம்பிருவேன். தட்டு வைக்க ஆள் இருக்காது.”

உள்ளிருந்து வெகுநேரம் கழித்து, “சரி” என்றான்.

ஆள் இருந்தது. முழங்கால் வலியோடு அம்மா குனிந்து வைத்தாள், நான் பஸ் ஏறிய அன்றைக்கே. மாலையில் வந்து பார்த்தால் எச்சில் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும், அவள் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பாள். என் கோபம் அண்ணன் மேலா, அம்மா மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மறுநாளும் பஸ்ஸுக்குப் போனேன்.