வெள்ளியில் தோய்த்த துணி

பொன்னேரியில் மின்சார ரயில் ஏறி, கவரைப்பேட்டை தாண்டி கும்மிடிப்பூண்டியில் இறங்கினேன். தொழிற்பேட்டைப் பக்கம், வாசலில் பெயர்ப்பலகைகூட இல்லாத சின்னப் பட்டறை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புக்கும் நர்ஸ் உடுப்புக்கும் கிருமி எதிர்ப்புப் பூச்சு ஏற்றித் தருகிறார்கள்.

வெள்ளிக் கரைசல் என்று மாஸ்டர் காட்டியது பாலில்லாத டீ போல இருந்தது. சில பத்து நானோமீட்டர் அளவுக்கு வெள்ளி பொடிந்தால் நிறம் மஞ்சளாகிவிடும். நம் தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர். கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தார். "மஞ்சளா இருந்தா ஓட்டலாம் சார். சாம்பல் தட்டிடுச்சுன்னா துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். அப்புறம் துணியில ஏத்தியும் பிரயோஜனமில்ல."

துணி கஞ்சி போக அலசி வந்திருக்க வேண்டும். பாவுக்குப் போட்ட கஞ்சி மிச்சமிருந்தால் வெள்ளி அதன்மேல் உட்கார்ந்து, முதல் சலவையிலேயே கஞ்சியோடு கிளம்பிவிடும். தொட்டியில் முங்கிய துணியை இரண்டு ரப்பர் உருளைகள் பிழிகின்றன. அங்கே நிற்பவர் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர். இரு ஓரங்களிலும் நடுவிலும் துண்டு வெட்டித் தராசில் வைக்கிறார். 100 கிராம் துணி 170, 180 கிராமாக எழ வேண்டும். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். நடுத்துண்டு எடை குறைந்தது. ஒன்றும் பேசாமல் உருளையின் அழுத்தத்தைத் திருகிவிட்டு மறுபடி வெட்டினார். ஆய்வுக் கட்டுரைகளில் வராத வேலை இது. பிறகு ஸ்டென்டர் என்ற உலர்த்தும் எந்திரத்தில் 150 டிகிரிச் சூட்டில், வெள்ளியைத் துணியோடு ஒட்டவைக்கும் பைண்டர் இறுகுகிறது.

ஈரம் பட்டதும் துகளிலிருந்து வெள்ளி அயனிகள் கசிந்து பாக்டீரியாவின் சுவரைத் தாக்கி, அதன் நொதிகளில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பூச்சைச் சோதிக்க, கோவையில் உள்ள சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தில் மருத்துவத் துணிகளுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. '99.9 சதவீதம் கிருமி அழிந்தது' என்றால் 1 லட்சம் கிருமியில் 100 மிச்சம். புதுத் துணியில் இது பெரிய காரியமல்ல. துவைத்த துணியில் என்ன மிச்சம் என்பதே என் கேள்வி. 2008-இல் அரிசோனா பல்கலைக்கழகம் ஒன்றில் கடைச் சரக்கான வெள்ளிக் காலுறைகளை அலசிப் பார்த்தார்கள். சிலவற்றில் நான்கே சலவையில் வெள்ளி ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது.

போனது எங்கேயோ சேரத்தானே வேண்டும்? பொன்னேரிக்காரனான எனக்குக் கவலை அங்கேதான். ஆரணி ஆறு பொன்னேரியைத் தொட்டுக்கொண்டுதான் பழவேற்காடு ஏரிக்குப் போகிறது. நீர்வாழ் உயிர்களுக்கு வெள்ளி அயனி நஞ்சு. அந்த ஏரி இறாலையும் நண்டையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம்.

வெள்ளை விரிப்புக்கு மாஸ்டர் வெள்ளிக்குப் பதில் துத்தநாக ஆக்சைடையே விரும்புகிறார். விலையும் குறைவு, மஞ்சளும் தட்டாது. "எத்தனை சலவை தாங்கும்னு கேட்டு ஆர்டர் கொடுக்கறவங்க ரொம்பக் கம்மி சார். மீட்டர் என்ன விலைன்னுதான் கேப்பாங்க" என்றபடி அடுத்த ரோலை ஏற்றச் சொன்னார்.