வடமும் இழையும்

இல்லங்களுக்கு இணையம் விற்போர் வேகத்தையே பறைசாற்றுவர். வேகம் யாம் வேண்டிற்றிலேம். எம் தந்தையார் துபாயில் பணிபுரிகின்றார். இரவு ஒன்பது மணிக்கு அவர் முகத்தைத் திரையிற் கண்டு அளவளாவுதலே எம் அன்னையார் நாளெல்லாம் நோக்கியிருக்கும் பேறு. அவ்வேளையில் அறுபடாமை ஒன்றே எமக்கு வேண்டுவது.

பாளையங்கோட்டையில் எம் வீட்டிற்கு முதலில் வந்தது, தொலைக்காட்சிக்கென இழுத்த கேபிள். நடுவிற் செப்புக்கம்பி, அதனைச் சூழக் காப்புறை, அதன்மேல் உலோகவலை என அமைந்த அவ்வடத்தில் மின்னலைகளே செய்தியைச் சுமக்கின்றன. செல்லச் செல்ல அவை மெலிதலின், ஆங்காங்கே பெருக்கிகள் வைத்து ஊக்குதல் வேண்டும். பெருக்கிக்கோ மின்சாரம் இன்றியமையாதது. ஆகவே எம் வீட்டில் விளக்கெரிந்தும், பெருக்கி நின்ற தெருவில் மின்சாரம் தடைப்படின் தந்தையார் முகம் மறையும். அன்றியும், மழைநீர் இணைப்பு முனைகளிற் புகுந்து களிம்பேறச் செய்யும். ஒரு வீட்டின் தளர்ந்த முனைவழிப் புகும் இரைச்சல் அவ்வடத்தைப் பகிர்வார் அனைவர்க்கும் இடர் விளைக்கும். அயலார் குற்றத்திற்கு யாம் தண்டம் இறுத்த இரவுகள் பல!

கண்ணாடியிழையின் இயல்பு வேறு. 125 மைக்ரான் பருமனே உள்ள அவ்விழையில் ஒளி செல்கின்றது, மின்சாரம் செல்வதில்லை. நிலையத்தினின்று 20 கிலோமீட்டர் வரையிலும் இடையே மின்பொறி எதுவுமின்றி, ஒளியைப் பகுக்கும் சிறு கருவியால் ஓரிழையை 32 வீடுகட்குப் பங்கிடலாம். களிம்பும் இரைச்சலும் அதனை அணுகா. வீட்டுப் பெட்டிக்கு ஒரு சிறு மின்கலம் இருப்பின் மின்தடையிலும் உரையாடலாம். கண்ணாடியின் மாசினை நீக்கின் ஒளி நெடுந்தூரம் செல்லுமென 1966-ல் காட்டிய சார்லஸ் காவோ அவர்களுக்கு நோபெல் பரிசு 2009-ல் தான் வந்தது. எம் அன்னையாரைக் கேட்டிருந்தால் முன்னரே வழங்கியிருப்பார்.

நிற்க. இழை எஞ்ஞான்றும் பழுதறியாதது என்பார் கூற்றை யாம் ஒப்பேம். மண்ணுட் புதைக்கத்தக்க அதனை எம் தெருவில் கம்பத்திலும் வேப்பங்கிளையிலும் தொங்கவிட்டிருந்தனர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேற் பொழிந்த அப்பெருமழையில், தாமிரபரணி கரைபுரண்டது. எம் தெருவில் கிளை முறிந்து இழை அறுந்தது. கேபிள் அறுந்தால் தெருமுனைப் பையன் கத்தி கொண்டு கால்மணியில் இணைத்துவிடுவான். இழைக்கோ, உருக்கி ஒட்டும் பொறியும் அதனை ஆளத்தெரிந்தவரும் வேண்டும். அவர் ஐந்தாம் நாளே வந்தார். எம் பகுதியில் அலைபேசியும் ஓய்ந்திருந்தது. அன்னையார் உறங்கிற்றிலர்; துபாயிலும் ஒருவர் உறங்கியிரார்.

ஆயினும், வாரம் மும்முறை நேர்ந்த தடையும் என்றோ ஒருமுறை நேர்ந்த அறுவும் ஒப்பாகா. எம் வீட்டில் இழையே நிலைத்தது. எஞ்சிய வேப்பங்கிளைகளை மட்டும் அன்னையார் ஆள்வைத்துத் தறிப்பித்தார்.